பதின்மூன்று தோல்விகளும் டான் கேம்பலும்

மூன்று வெற்றி, 13 தோல்வி, ஒரு டிரா. 2021 சீசன் முடிந்தபோது டெட்ராய்ட் லயன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் கணக்கு இதுதான். புதிய தலைமைப் பயிற்சியாளர் டான் கேம்பலுக்கு அது முதல் ஆண்டு. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் இவரை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்றுதான் கேட்பார். ஆட்டங்களைப் பார்த்தவர் அப்படிக் கேட்க மாட்டார்.

அவர் கைக்கு வந்தது நொடிந்துபோன அணி. முந்தைய பயிற்சியாளர் மேட் பட்ரீஷியாவை 2020 நவம்பரில், சீசன் பாதியிலேயே நீக்கியிருந்தார்கள். லயன்ஸ் கடைசியாக ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை வென்றது 1992 ஜனவரியில். அந்த ஊரின் வேதனை கேம்பலுக்குத் தெரியாததல்ல. 2008இல் 16 ஆட்டங்களையும் தோற்ற லயன்ஸ் அணியில் அவரும் இருந்தார். காயம்பட்டு முதல் ஆட்டத்தோடு வெளியேறியவர். பயிற்சியாளராக அறிமுகமான கூட்டத்தில், எங்களைக் கீழே தள்ளினால் எழுந்திருக்கும்போது எதிராளியின் முழங்கால் சில்லைக் கடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம் என்று பேசினார். அமெரிக்காவே சிரித்தது.

சிரிப்பு அடங்குவதற்குள், 12 சீசன்கள் அணியைச் சுமந்த குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு வந்தவை குவாட்டர்பேக் ஜாரட் காஃப், இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் (புதுமுகத் தேர்வு) வாய்ப்புகள், ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பு. காஃபை ராம்ஸ் இனி வேண்டாம் என்று முடிவுகட்டியிருந்தது. ஸ்டாஃபர்டு அதே சீசனில் சூப்பர் பவுல் வென்றார். டெட்ராய்ட் அதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

இனி ஆட்டங்களுக்கு வருவோம். செப்டம்பர் 26, ஃபோர்டு ஃபீல்டு மைதானம். பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராக 17-16 என்று லயன்ஸ் முன்னிலை. ரேவன்ஸுக்கு மிச்சமிருந்தது நான்காவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு; கடக்க வேண்டியது 19 யார்டு. அந்த இடத்தில் ரேவன்ஸ் குவாட்டர்பேக் லாமர் ஜாக்சனை 36 யார்டு பாஸ் போட விட்டார்கள். அடுத்து ஜஸ்டின் டக்கர் 66 யார்டு தூரத்திலிருந்து உதைத்தார். பந்து குறுக்குக் கம்பியில் பட்டு, மேலே எழும்பி, அந்தப் பக்கம் விழுந்தது. லீக் வரலாற்றில் அதுவரை யாரும் அவ்வளவு தூரத்திலிருந்து ஃபீல்டு கோல் அடித்ததில்லை. 19-17.

இரண்டு வாரம் கழித்து மினசோட்டா வைகிங்ஸ். 37 விநாடிகள் இருக்கும்போது டச்டவுன். ஒரு புள்ளிக்கு உதைத்தால் ஆட்டம் சமன். கேம்பல் இரண்டு புள்ளிக்குப் போனார், எடுத்தார், 17-16. மீதமிருந்த விநாடிகளில் வைகிங்ஸ் முன்னேறி 54 யார்டு ஃபீல்டு கோல் அடித்தது. மறுபடியும் 19-17. பேட்டியில் கேம்பலுக்குக் குரல் உடைந்தது, கண் கலங்கியது. அது வெறும் நாடகம் என்றார்கள் சிலர். உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள் அப்படி நினைத்திருந்தால் அதற்குப் பின் வந்த டிசம்பரை நம்மால் விளக்கவே முடியாது.

இந்த விளையாட்டில் பத்து யார்டு கடக்க நான்கு வாய்ப்பு, அதாவது நான்கு டவுன். நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பன்ட் என்பது அது. கேம்பல் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படவில்லை. அக்டோபர் 24 அன்று ஸ்டாஃபர்டின் ராம்ஸைச் சந்தித்தபோது, முதல் டச்டவுனை அடித்த கையோடு யாரும் எதிர்பாராத ஆன்சைடு கிக் ஆடி, குறுகிய தூரம் உதைத்த பந்தைத் தாங்களே திரும்பப் பிடித்தார்கள். பன்ட் செய்வதுபோல் நின்றுவிட்டு இரண்டு முறை பந்தை முன்னே கொண்டுபோனார்கள். ஆட்டம் 28-19 என்று தோல்விதான். ஆனால் ஒரு வெற்றிகூட இல்லாத அணி, பின்னாளில் சாம்பியனான அணியை அதன் சொந்த மைதானத்தில் பதற வைத்தது. ஆள்பலம் இல்லாதவன் வித்தையால்தான் இடைவெளியைக் குறைக்க முடியும் என்பது கேம்பலுக்குத் தெரிந்திருந்தது.

அவர் தவறே செய்யவில்லை என்று வாதாட வரவில்லை. ராம்ஸ் ஆட்டத்துக்கு அடுத்த வாரமே ஃபிலடெல்ஃபியாவிடம் 44-6. நன்றித் திருநாள் ஆட்டத்தில், இடையில் ஒரு பந்துகூட ஆடப்படாமல் அடுத்தடுத்து இரண்டு டைம்-அவுட் கேட்டு அபராதம் வாங்கினார். சிகாகோ பேர்ஸுக்கு ஐந்து யார்டு சும்மா கிடைத்தது. அந்த ஆட்டத்தைக் கடைசி விநாடி ஃபீல்டு கோலில் லயன்ஸ் 16-14 என்று இழந்தது. தேர்ந்த பயிற்சியாளர் செய்யக்கூடாத பிழை அது, சந்தேகமே இல்லை. அதேசமயம் எது ஓடவில்லை என்று பார்த்து மாற்றவும் அவர் தயங்கவில்லை. நவம்பரில், எந்த உத்தியை ஆடுவது என்று தீர்மானிக்கும் ஆட்ட அழைப்புப் பொறுப்பைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஆந்தனி லினிடமிருந்து தானே எடுத்துக்கொண்டார். பிட்ஸ்பர்க் மழையில் நடந்த முதல் சோதனையில் ஓட்டத்தையே பெரிதும் நம்பி, டி ஆண்ட்ரே ஸ்விஃப்ட்டுக்கு 33 முறை பந்தைக் கொடுத்து, 16-16 என்று டிரா செய்தார். டைட் எண்டுகளின் பயிற்சியாளராக இருந்த பென் ஜான்சனுக்கு அந்த நாட்களில்தான் பொறுப்பு கூடியது. அடுத்த சீசனில் ஜான்சன் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். 2022இல் லீகில் அதிகப் புள்ளி எடுத்த முதல் ஐந்து அணிகளில் லயன்ஸும் ஒன்று.

டிசம்பர் 5, மீண்டும் வைகிங்ஸ். அதுவரை பத்துத் தோல்வி, ஒரு டிரா. அந்த வாரம்தான் டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஆக்ஸ்ஃபோர்டு ஊரின் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு மாணவர்கள் இறந்திருந்தார்கள். முன்னிலையில் இருக்கும்போதே, தன் பக்கத்து 28 யார்டு கோட்டில், நான்காவது டவுனில் ஒரு யார்டுக்காகக் கேம்பல் துணிந்தார். காஃப் பந்தைப் பறிகொடுத்தார், வைகிங்ஸ் 27-23 என்று முந்தியது. பழைய லயன்ஸ் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கையில் டைம்-அவுட் ஒன்றுகூட இல்லாமல், இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் காஃப் 75 யார்டு நகர்த்தினார். நேரம் முடிகிற அந்தக் கடைசி முயற்சியில் 11 யார்டு பாஸ்; கோல் கோட்டைத் தாண்டி நின்று பிடித்தவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன், நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட புதுமுகம். 29-27. வெற்றிப் பந்தை ஆக்ஸ்ஃபோர்டு மக்களுக்குக் கேம்பல் அர்ப்பணித்தார்.

அதோடு நிற்கவில்லை. பத்து வெற்றியோடு வந்த அரிசோனாவை 30-12 என்று அடித்தார்கள். கடைசி நாளில் கிரீன் பே பேக்கர்ஸை 37-30 என்று வென்றார்கள். பேக்கர்ஸ் இரண்டாம் பாதியில் முன்னணி வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தது உண்மை. ஆனால் எதற்குமே வழியில்லாத ஓர் அணி ஜனவரியிலும் அவ்வளவு வெறியோடு ஓடியதே, அதுதான் நான் பயிற்சியாளருக்குப் போடும் மதிப்பெண்.

இதே சீசனில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸும் டேவிட் கலியைப் புதிய பயிற்சியாளராகக் கொண்டுவந்தது. அவர் நான்கு ஆட்டம் வென்றார், கேம்பலைவிட ஒன்று கூடுதல். ஒரே சீசனில் நீக்கினார்கள். அடுத்து வந்த லவி ஸ்மித் எடுத்தது மூன்று வெற்றி, 13 தோல்வி, ஒரு டிரா. கேம்பலின் அதே கணக்கு. அவரையும் ஒரே சீசனில் அனுப்பினார்கள். டெட்ராய்ட் உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப், 2022 சீசனில் முதல் ஏழு ஆட்டங்களில் ஆறு தோற்றபோதும் கேம்பலின் பக்கம் நின்றார். அந்த சீசன் 9-8 என்று முடிந்தது. 2023இல் 12-5, 30 ஆண்டுகளில் முதல் டிவிஷன் பட்டம். 2024 ஜனவரியில் ஃபோர்டு ஃபீல்டில் ஸ்டாஃபர்டின் ராம்ஸை 24-23 என்று தோற்கடித்து, 32 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பிளேஆஃப் வெற்றி. குவாட்டர்பேக், அதே காஃப்.

2021இல் புதிதாகப் பொறுப்பேற்ற தலைமைப் பயிற்சியாளர்கள் ஏழு பேர். 2024 சீசன் முடியும்போது அதே அணியில் மிஞ்சியிருந்தவர்கள் இருவர்: ஃபிலடெல்ஃபியாவின் நிக் சிரியானி, டெட்ராய்ட்டின் டான் கேம்பல். முதல் சீசனை முழுமையாக நடத்தி முடித்த ஆறு பேரில் மிகக் குறைந்த வெற்றி கேம்பலுடையது.