விரல் ரேகை: பூட்டா, விலங்கா?

'கைநாட்டு' என்னும் சொல்லை நம் மதுரைப் பக்கத்தில் யாரும் மரியாதையாகச் சொல்வதில்லை. எழுத்தறியாதவர்க்கு அதுவே பட்டப்பெயர். பத்திரப் பதிவுக்குச் சென்ற பாமரர், மையில் தோய்த்த பெருவிரலைத் தாளில் ஊன்றிவிட்டுத் தலைகுனிந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்றோ பட்டம் பல பெற்றவரும் வங்கியிலும், நியாயவிலைக் கடையிலும், அலுவலக வாயிலிலும் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தே தலை நரைத்துப்போன எனக்கு, நாடே மீண்டும் கைநாட்டுக்குத் திரும்பியிருப்பது வியப்பாக இருக்கிறது.

என்னிடம் அரபு இலக்கணம் பயின்று, பின்னர்ப் பொறியியல் கற்கச் சென்ற மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் ஒரு கட்டு ஆய்வுரைகளைக் கொண்டுவந்து தந்தார். விரல், கருவிழி, முகம் ஆகியவற்றைக் கொண்டு ஆளை இனங்காணும் முறையின் பாதுகாப்பையும், அதனால் மனிதரின் அந்தரங்கத்துக்கு நேரும் நிலையையும் ஆராய்பவை அவை. அவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு பொருள் கேட்டுக் கேட்டுப் படித்தேன். கணக்குகளை அவர் விளக்கினார். கருத்துகளை நான் எடை போட்டேன். அந்த எடையை வாசகர் முன் வைக்கிறேன்.

ரேகையின் கதை

இந்தக் கலை நம் நாட்டு மண்ணிலேதான் வளர்ந்தது. 1858-ஆம் ஆண்டு வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவர் பின்னாளில் தம் வாக்கை மறுத்துவிடாதிருக்க, அவருடைய உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதித்துக்கொண்டார். 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் நிறுவப்பட்டது. ரேகைகளை 1024 அறைகளாக வகுத்து, வேண்டியதை நொடியில் தேடி எடுக்கும் கணக்கு முறையை வகுத்ததில் காஜி அஜீஸுல் ஹக் என்னும் வங்க முஸ்லிமுக்குப் பெரும் பங்கு உண்டு. ஹேமசந்திர போஸ் அவருக்குத் துணை நின்றார். ஆயினும் அம்முறை, மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் பரவிற்று.

அஜீஸுல் ஹக்கின் பெயரை எடுத்துச் சொல்லிப் பெருமைப்படும் கட்டுரைகள் நம்மவர் ஏடுகளில் வருவதுண்டு. பெருமை நியாயமானதே. ஆனால் அந்தக் கணக்கு நம் மாவட்டத்துக்கு எந்த வடிவில் வந்து சேர்ந்தது என்பதையும் அவை சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் ஆய்வாளர்களுக்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிடுவோம்.

ஆய்வின் சிறப்பு

இவ்வாய்வாளர்களிடம் எனக்குப் பிடித்த குணம், தாங்கள் செய்த பூட்டைத் தாங்களே உடைத்துப் பார்க்கும் நேர்மை. 2002-இல் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மட்சுமோட்டோவும் அவர் குழுவினரும், இனிப்புப் பண்டம் செய்யப் பயன்படும் ஜெலட்டினைக் கொண்டு போலி விரல் வார்த்து, 11 வகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டினார்கள். கண்ணாடியில் படிந்திருந்த ரேகையிலிருந்துகூட விரலை வார்க்க அவர்களால் முடிந்தது. 2014-இல் ஜெர்மனியில் யான் கிரிஸ்லர் என்பவர், அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரின் பெருவிரல் ரேகையைப் பொதுநிகழ்ச்சிப் புகைப்படங்களிலிருந்தே மீட்டெடுத்ததாகச் செய்துகாட்டினார்.

இந்தியாவில் இதே வித்தையைத் திருடர்கள் கையாண்டார்கள். 2018-இல் தெலங்கானாவில், நிலப்பதிவு ஆவணங்களிலிருந்த கட்டைவிரல் பதிவுகளைப் படியெடுத்துப் போலி விரல்கள் செய்யப்பட்டது வெளிவந்தது. நம்பகத்துக்காக ஹெர்ஷல் தொடங்கிவைத்த வழக்கமே திருடனுக்கு அச்சாகிவிட்டது.

கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் திருடு போனால் என்ன செய்வது? 2015-இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து ஏறத்தாழ 56 லட்சம் பேரின் ரேகைகள் களவு போயின. அவர்கள் பத்து விரலையும் வெட்டிவிட்டுப் புதிதாக முளைக்கவைக்க முடியுமா? இந்த வினாவுக்கு 2001-இலேயே நளினி ரதா, கானெல், போல் ஆகிய மூவரும் ஒரு விடை சொன்னார்கள். ரேகையை உள்ளபடியே சேமிக்காமல், கோணல் கண்ணாடியில் தெரியும் உருவத்தைப்போல் ஒரு விதிப்படி வளைத்துச் சேமிக்க வேண்டும். களவு போனால் விதியை மாற்றி, வேறுவிதமாக வளைத்துக்கொள்ளலாம். இத்தகைய கருவியைத் தாக்கக்கூடிய இடங்கள் எட்டு என்று எண்ணிக் காட்டியவர்களும் இவர்களே.

மற்றொரு சிக்கல்: ஒரே விரல் இருமுறை ஒரேவிதமாகப் பதிவதில்லை. ஈரம், அழுத்தம், சாய்வு எல்லாம் மாறும். 1999-இல் ஜூல்ஸ், வாட்டன்பர்க் என்னும் இருவர், பிழை திருத்தும் குறிமுறையைக் கொண்டு இதற்கு வழி கண்டார்கள். நம் ஓதும் பள்ளிப் பழக்கத்தைக்கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். பிள்ளை ஓரிரு எழுத்தில் தடுமாறினாலும் எந்த அத்தியாயத்தை ஓதுகிறான் என்பது உஸ்தாதுக்குத் தெரிந்துவிடும். அத்தியாயமே மாறிவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். சிறு பிழையை மன்னித்து, பெரும் வேற்றுமையை மறுக்கும் இந்நுட்பத்தை நான் ரசித்தேன்.

பெருங்காமநல்லூர்

இவ்வளவு பாராட்டிய பின்னும் என் மனம் நிறைவடையவில்லை. காரணம், இந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே அச்சத்தைச் சுற்றி வருகின்றன: திருடன் வருவான், ரேகையைக் கொண்டுபோவான். எதுவும் திருடு போகாமல், கருவி குறையின்றி வேலை செய்த நிலையிலேயே ரேகை மனிதரை அழித்த ஒரு வரலாறு மதுரைக்கு மேற்கே இருக்கிறது.

1871-இல் வடநாட்டில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இன் புதிய சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குலத்தை அரசு அறிவித்துவிட்டால், அதில் பிறந்தவர் எக்குற்றமும் செய்யாதவராயினும் பதிவேட்டில் பெயர் ஏறும். விரல் ரேகை எடுக்கப்படும். அறிவிப்புச் செல்லுமா என்று கேட்க நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. பிறமலைக் கள்ளர் மீது இச்சட்டம் பாய்ந்தபோது, மக்கள் அதன் நீண்ட பெயரைச் சொல்லவில்லை. 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். ஊர் விட்டு ஊர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். அப்பெயர், வழிக்காவலைக் குறிக்கும் 'ராஹ்தாரி' என்னும் பார்சிச் சொல்லின் திரிபு. இரவில் ஆண்கள் காவலர் கண்முன் வந்து கிடக்க வேண்டும்.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 3-4-1920 அன்று போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்மணி உள்ளிட்டு 16 பேர் மடிந்தார்கள். மதுரையில் வழக்குரைஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். அவரை இன்றும் 'ரோசாப்பூ துரை' என்று நினைவுகூர்கின்றனர். 1947-இல்தான் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று.

இந்நிகழ்ச்சியை ஆய்வுரைகளின் சொற்களால் எழுதிப் பார்த்தேன். போலி விரல் இல்லை. பதிவேடு களவு போகவில்லை. ஆளை மாற்றி அடையாளம் காட்டவும் இல்லை. எட்டு வாயில்களில் ஒன்றிலும் பகைவன் நுழையவில்லை. ஆய்வின் அளவுகோல்படி அது பழுதற்ற ஏற்பாடு! அளவுகோலில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

விடுபட்டவை

முதலாவது, இவர்கள் எழுத்தில் வரும் மனிதர் எப்போதும் 'பயனாளி'. தம் பூட்டைத் தாமே திறக்க விரும்பி வருபவர். மறுக்க விரும்புபவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 24-8-2017 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பரில் ஐவர் கொண்ட அமர்வு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடமளித்த பகுதியை நீக்கியது. அரசு உதவிக்கு அதைக் கட்டாயமாக்கியதைப் பெரும்பான்மையால் ஏற்றது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். மறுப்பவரின் நிலை என்ன என்ற வினா நீதிமன்றத்தில் எழுந்த அளவுக்கு ஆய்வுக்கூடத்தில் எழவில்லை.

இரண்டாவது, பிழையை இவர்கள் நூற்றுக்கு இத்தனை என்று எண்ணுகிறார்கள். யாருக்குப் பிழைக்கிறது என்று போதிய அளவு கேட்பதில்லை. 130 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்துள்ள ஏட்டில் நூற்றுக்கு ஒன்று என்பதே ஒரு கோடியைத் தாண்டும். அந்த ஒன்று குலுக்கல் முறையில் விழுவதில்லை. செங்கல் அறுப்பவர், சுண்ணாம்பு கலக்குபவர், பாத்திரம் துலக்குபவர், முதியவர் ஆகியோர் மேலேயே திரும்பத் திரும்ப விழுகிறது. எங்கள் தெருவில் சூளை வேலை செய்து கை தேய்ந்த மூதாட்டி ஒருவர், கடையில் இருமுறை விரல் பதியாமல் திரும்பிவந்து என்னிடம் சொன்னார்: "நாப்பது வருசமா இதே கடையில அரிசி வாங்குறேன், ஹஜ்ரத். கடைக்காரப் பிள்ளைக்கு என்னைத் தெரியுது. மெசினுக்குத் தெரியலயாம்." மூன்றாம் நாள் மகன் வேலையை விட்டுவிட்டு வந்து விரல் வைத்த பின்னரே அரிசி கிடைத்தது.

மூன்றாவது, ஏட்டை வைத்திருப்பவரை இவர்கள் பெரும்பாலும் நம்பிவிடுகிறார்கள். நியாயமாகச் சொன்னால், ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டுடன் இணைக்க முடியாதபடி காக்க வேண்டும் என்று 2011-இல் வந்த சர்வதேசத் தரநெறி கூறத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு எதிர்த்திசையில் சட்டங்கள் செல்கின்றன. பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச் சூடு நடந்த அதே 1920-இல் இயற்றப்பட்டது கைதிகள் அடையாளச் சட்டம். 2022-இல் அதற்கு மாற்றாக வந்த சட்டம், கருவிழியையும் சேர்த்துக்கொண்டு, பதிவுகளை 75 ஆண்டுகள் காத்துவைக்கச் சொல்கிறது. விடுதலையானவரின் பதிவை அழிக்க விதி உண்டு. அழிந்ததா என்று அவர் எப்படி அறிவார்? ஆய்வாளர் விடை தேட வேண்டிய வினா இது.

பழைய நூலோரின் எச்சரிக்கை

உடலைப் பார்த்து ஆளை அறிவது நம் சட்ட நூலோருக்குப் புதிதன்று. 'கியாஃபா' என்று அதற்கு ஒரு தனித் தலைப்பே உண்டு. போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களை மட்டும் பார்த்து, ஜைதும் உஸாமாவும் தந்தையும் மகனுமே என்று முஜஸ்ஸிஸ் சொன்ன செய்தி பிரசித்தம். ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி அறிஞர்கள் இக்கலையை வமிசத்துக்குச் சான்றாக ஏற்றனர். ஹனஃபி அறிஞர்கள் ஏற்கவில்லை. ஏற்ற ஷாஃபிஈ நூலோரும், அவ்வாறு சொல்பவர் நேர்மையாளராகவும், முன்பே சோதித்துப் பார்க்கப்பட்டவராகவும் இருக்க வேண்டுமென்று நிபந்தனை விதித்தார்கள். ஒரு கையெழுத்து இன்னொன்றை ஒத்திருக்கும் என்று சொல்லி, எழுத்தை மட்டும் சான்றாகக் கொள்ளத் தயங்கியவர்களும் ஹனஃபிகளே. ஒற்றுமையை அவர்கள் அறியாமல் இல்லை. ஒற்றுமையின் பேரில் ஒரு மனிதரின் உரிமையைப் பறிக்கத்தான் தயங்கினார்கள்.

ஆகவே இவ்வாய்வுகளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. என் மாணவரைப் போன்ற நம் பிள்ளைகள் இத்துறைக்கு நிறையச் செல்ல வேண்டும் என்பதே என் விருப்பம். செல்பவர்கள் எந்தக் கருவியைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேட்கட்டும்: விரல் வைக்க மறுப்பவருக்கு என்ன வழி? கருவி அறியாமல் விட்டவருக்கு அன்றே, அங்கேயே என்ன மாற்று? ஏட்டை வைத்திருப்பவரை யார் கேட்பார்?

மாணவரை ஊருக்கு அனுப்பும்போது ஒன்று சொன்னேன்: மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குப் பேருந்து உண்டு; அங்கிருந்து பெருங்காமநல்லூர் நினைவுத்தூண் தூரமில்லை. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை எழுதுமுன் ஒருமுறை போய் அந்த 16 பெயர்களையும் படித்துவிட்டு வா என்றேன். போவதாகச் சொல்லியிருக்கிறார்.