திசைச்சொல் என்னும் ஒற்றைப் பெயர்

தமிழ் இஸ்லாமிய இலக்கியத்தில் பயிலும் அரபுச் சொற்களைத் 'திசைச்சொல்' என்று பெயரிட்டு அப்பால் நகர்வது நம் திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. பெயர் பிழையன்று, ஆனால் போதாது.

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். அவர் கூறும் திசைச்சொல் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கு. அங்கே அரபுக்கு இடமில்லை. பிறமொழி நிலங்களையும் அவ்வகையுள் சேர்த்தது பவணந்தியாரின் நன்னூல். பதினெண் நிலங்களை எண்ணிக்காட்ட உரைகளில் எடுத்தாளப்படும் பழம்பாடலில் சிங்களத்தை அடுத்து நிற்பது சோனகம். சமண முனிவர் ஒருவரின் இலக்கணமே நமக்கு இக்கதவைத் திறந்துவைத்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும், திசைச்சொல் என்னும் பெயர் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே உணர்த்தும். வந்தபின் தமிழில் என்னவாயிற்று என்பதை உணர்த்தாது. வடசொற்களுக்கென வகுக்கப்பட்ட தற்சமம், தற்பவம் என்னும் பாகுபாட்டை இங்கும் பொருத்திப் பார்த்தால் என்ன? 'இமாம்', 'ஈமான்' ஆகியன ஒலி மாறாமல் வந்தன. 'ஷைத்தான்' சைத்தானாகவும் 'வுளூ' ஒளுவாகவும் திரிந்தன.

உமறுப் புலவர் 5,027 பாடல்களில் யாத்த சீறாப்புராணத்தின் காண்டப் பெயர்களை நோக்குக. விலாதத், நுபுவ்வத், ஹிஜ்றத் என்னும் அரபுப் பெயர்கள் வல்லின மெய்யில் முடிவன. தமிழ்ச் சொல் அவ்வாறு முடிவதில்லை. ஆகவே தகரம் இரட்டித்து உகரம் பெற்றது. 'விலாதத்துக் காண்டம்' என்கையில் 'குளத்துக் கரை' என்பதன் ஓசையே நம் செவியில் விழுகிறது. அயற்சொல் தமிழின் வேற்றுமை உருவத்தையே போர்த்துக்கொண்டுவிட்டது! இதனைத் திசைச்சொல் என்று மட்டும் குறித்து நிறுத்துவது புலவரின் செவிநுட்பத்தை மறைப்பதாகும்.

இனி, எந்தப் பட்டியலிலும் அகப்படாத ஓர் இனம் உண்டு. தொழுகை, நோன்பு, பள்ளி ஆகியன இயற்சொற்களே. பள்ளி துயிலிடத்தையும் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தையும் குறித்த சொல். இன்று பள்ளிவாசலில் நிற்கிறது. அரபுச் சொற்களை எண்ணி ஒரு காப்பியத்தின் 'தமிழ்த் தன்மையை' அளப்போர் இவற்றைக் கணக்கில் கொள்வதில்லை. உருவம் மாறாமல் பொருள் மட்டும் புதிதான இச்சொற்களே இவ்விலக்கியத்தின் ஆழ்ந்த சாதனை என்பது என் துணிபு.

எல்லாச் சொற்களும் இவ்வாறு இடம் தரவுமில்லை. 'ஸலாத்' இருக்கவும் தொழுகை நிலைத்தது. 'ஸகாத்' மட்டும் ஸகாத்தாகவே நின்றது. ஈகையும் தானமும் ஈவோன் மனத்தைப் பொறுத்தவை. ஸகாத்தோ தகுதி பெற்ற செல்வத்தில், பொன்னுக்கும் பணத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கென, கடமையாக்கப்பட்டது. 'ஏழைவரி' என மொழிபெயர்த்தும் பார்த்தனர். வரி என்றதும் அரசன் நினைவுக்கு வருகிறானேயன்றி இறைவன் வருவதில்லை.