தலைகீழாய் நின்ற கோபுரம்

ஹம்பியில் என்னை ஆட்டிவைத்தது ஒரு வெறும் சுண்ணாம்புச் சுவர் என்றால் நம்பமாட்டீர்கள்.

விரூபாக்ஷரைக் கும்பிட்டுவிட்டுக் கருவறைக்குப் பின்பக்கமாகப் படியேறினோம். சின்ன இருட்டறை. அங்கே நின்றிருந்த பெரியவர் சுவரைக் காட்டி "அல்லி நோடி" (அங்கே பாருங்கள்) என்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, கோயிலின் கிழக்குக் கோபுரம் அப்படியே சுவரில் வந்து நின்றது, தலைகீழாக! ஒன்பது நிலை, ஏறக்குறைய 165 அடி உயரக் கோபுரத்தின் உச்சி கீழே தொங்குகிறது. எதிர்ச்சுவரில் ஒரு துளை, அவ்வளவுதான். அதன் வழியே வரும் வெளிச்சம் கோபுரத்தைக் கவிழ்த்துக் கொண்டுவந்து போட்டுவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் அட்டைப்பெட்டியில் ஊசியால் குத்திச் செய்த கேமராவேதான். கையை நீட்டினேன். கோபுரத்தின் உச்சி என் உள்ளங்கையில் விழுந்தது. சிலிர்த்துவிட்டது!

மூன்று நாளில் நான்கு முறை அந்த அறைக்குப் போனேன். "என்னங்க, வேற ஒண்ணும் பார்க்க வேண்டாமா?" என்று என் மனைவி கேட்டது நியாயம்தான்.

1336 வாக்கில் ஹரிஹரரும் புக்கரும் தொடங்கிய விஜயநகரப் பேரரசின் தலைநகர் ஹம்பி. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு சூறையாடப்பட்டது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, விடுங்கள். ஹம்பியை இடிபாடு என்று சொல்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. அத்தனை பெரிய நகரம் காலியான பிறகும் விரூபாக்ஷருக்குப் பூஜை நடந்துகொண்டே இருக்கிறது. விடிகாலையில் கோயில் யானை துங்கபத்திரையில் ஒருக்களித்துப் படுத்துக் குளிக்கிறது. படித்துறையில் பெண்கள் துணி துவைக்கிறார்கள். ஹம்பி என்ற பெயரே பம்பை என்ற பழம்பெயரிலிருந்து வந்தது. அந்தப் பம்பாதேவிக்கும் விரூபாக்ஷருக்கும் இன்றும் ஆண்டுதோறும் கல்யாண உற்சவம் உண்டு. இதற்குப் பெயர் இடிபாடா?

விட்டலர் கோயிலுக்கு வாருங்கள். 50 ரூபாய் நோட்டில் தினமும் பார்க்கிற அந்தக் கல்தேர் இங்கேதான் நிற்கிறது. தேர் என்கிறோமே தவிர, உள்ளபடிக்கு அது கருடனுக்கான சன்னிதி. எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் தயவுசெய்து குனிந்து பாருங்கள். இழுக்கிற யானைகளுக்குப் பின்னால் குதிரைகளின் பின்னங்கால்கள் தெரியும். முதலில் பூட்டியிருந்தவை குதிரைகள். யானைகள் பிற்பாடு கொண்டுவந்து வைத்தவை. தேரின் மேலே செங்கல் விமானம் ஒன்றும் இருந்திருக்கிறது. 1856இல் கிரீன்லா என்பவர் எடுத்த புகைப்படத்தில் அது இருக்கிறது, இப்போது இல்லை. இந்தக் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டக்கூடாது என்று தடை. நல்லது, இத்தனை வருஷம் தட்டியதே போதும். எங்கள் வழிகாட்டி செல்போனில் அந்த ஒலியைப் போட்டுக் காட்டினார். தூணுக்குப் பக்கத்தில் நின்று அதன் குரலை போனில் கேட்டது எனக்கு என்னவோபோல் இருந்தது.

ஹசாரராமர் கோயில் சின்னதுதான். ஆனால் சுவரைச் சுற்றி வந்தால் ராமாயணமே ஓடுகிறது, கட்டம் கட்டமாக. வாலியும் சுக்ரீவனும் வாழ்ந்த கிஷ்கிந்தை இந்த வட்டாரம்தான் என்பது நம்பிக்கை. வாலிவதம் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, சுக்ரீவனின் வம்சத்தார் ஒருவர் பையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு மதில் ஏறிவிட்டார்.

அப்புறம் ஒரு படிக்குளம்! 1980களில் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தது. கறுத்த கல்லில் கணக்குப் பிசகாத படிகள். உற்றுப் பார்த்தால் கற்களில் குறிகள் வெட்டியிருக்கிறார்கள்: எந்தத் திசை, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று. வேறெங்கோ செதுக்கி, அடையாளம் போட்டு, இங்கே கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் தச்சர் அலமாரியைப் பிரித்துப் பூட்டும்போது பலகைக்குப் பலகை பென்சிலால் எண் போட்டது நினைவுக்கு வந்தது. இங்கிருந்த அரண்மனைகளின் மரவேலையெல்லாம் அழிந்துபோயிற்று. இந்தக் கல்தச்சனின் கிறுக்கல் இருக்கிறது.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒட்டுறவு உண்டு. நம் பக்கம் ராயகோபுரம் என்கிறோமே, அந்த ராயர் இந்த ஊர்க்காரர்தான். திருவண்ணாமலையின் 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். விரூபாக்ஷர் கோயிலில் உள்கோபுரமும் ரங்கமண்டபமும் அவர் பட்டமேறிய சமயத்தில் கட்டியவை. மண்டப விதானத்தில் ஓவியங்கள்; அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மத்தியானத்தில் வெறுங்காலோடு பாறையில் கால் வைக்காதீர்கள். தோசைக்கல்.

கடைசி நாள் காலையில் மறுபடி அந்த அறைக்குப் போனேன். வானம் மூடியிருந்தது. சுவரில் கோபுரம் இல்லை. வாசலிலிருந்து "ஹொஸ்பேட்டுக்கு ஆட்டோ வந்துடுச்சுங்க" என்று குரல். பெரியவர் மேகத்தை அண்ணாந்து பார்த்து, பொறு என்று கை காட்டினார். நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.