தூய தமிழில் ஒரு வசை

பெயர் வெறும் ஒலியா? அழைத்தால் திரும்பிப் பார்ப்பதற்கு மட்டுமே ஆன அடையாளமா? அன்று. ஒரு குழந்தையைப் பற்றிச் சமுதாயம் எழுதும் முதல் தீர்ப்பே அதன் பெயர். எழுதுவோர் பெரியோர்; சுமப்பதோ, வாய் திறந்து மறுக்க இயலாத மழலை!

சங்கப் புலவர்களின் பெயர்களைப் பார்ப்போம். கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர்; அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும்போது, ஆசிரியர் மகன் என்பது தெரிகிறது. செம்புலப்பெயனீரார்க்குப் பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது. அவர் பாட்டின் உவமையே பெயராய் நின்றது. காக்கையைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். ஒக்கூர் என்னும் ஊர், மாசாத்தியார் பெயரோடு இன்றும் வாழ்கிறது. குறமகள் இளவெயினி எனக் குடிப்பெயர் தாங்கியவரும் உண்டு. அப்பெயருடனேயே அவர் புறநானூற்றுப் புலவராக வீற்றிருக்கிறார். ஊர், தொழில், தந்தை, பாட்டு ஆகியவை அன்று பெயருக்கு அணி செய்தன, ஆளைத் தாழ்த்தவில்லை.

பின்வந்த காலமோ பெயரின் பின்னே சாதி வாலை ஒட்டியது. பெயரைக் கேட்டவுடன், உட்காரும் இடம் திண்ணையா தெருவா என்று முடிவாயிற்று. அந்த வாலை அறுக்கும்படி 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் செய்தது. துருக்கி நாடு 1934-இல் குடும்பப் பெயர் வைத்தே தீரவேண்டும் என்று சட்டம் இயற்றியது. தமிழகமோ, சட்டம் எதுவும் இன்றியே, ஒட்டியிருந்த பட்டத்தை உதறியது. அதற்குள் வேறொரு மாற்றமும் தொடங்கியிருந்தது. வேதாசலம் மறைமலை ஆனார். பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். வடமொழிப் பெயர் போய்த் தமிழ்ப் பெயர் வந்தது.

வால் போயிற்று, மொழி மீண்டது. பணி முடிந்ததென நாம் களிக்கலாமா?

தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் பெண்மகளுக்கு இட்ட பெயரைக் கேளுங்கள்: ‘வேண்டாம்’! இன்னொருத்திக்கு ‘போதும்பொண்ணு’! சாதி வால் உண்டா? இல்லை. வடமொழிக் கலப்பு உண்டா? அதுவும் இல்லை. நாம் வகுத்த இரண்டு தேர்விலும் தேறிவிடும் பெயர்கள் இவை. ஆயினும், பிறந்தவளைப் பார்த்து, “நீ வந்திருக்கவே கூடாது” என்று வாழ்நாள் முழுதும் சொல்லும் வசை இதனினும் வேறு உண்டோ? தூய தமிழில் இகழ்ந்தால் இகழ்ச்சி இனித்துவிடுமோ?

“இப்படிப் பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை, இதில் இழிவு ஏது?” என்பர் சிலர். பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தந்தையின் உயிரணு என்பது அறிவியல் உண்மை. மூத்த மகளின் பெயருக்கும் இளையவன் பிறப்புக்கும் என்ன தொடர்பு? பழி தாய்க்கு, பெயர் மகளுக்கு, நம்பிக்கை மட்டும் தந்தைக்கா? ஆண் குழந்தை எவனுக்கேனும் ‘வேண்டாம்’ என்று பெயரிட்டுப் பெண் குழந்தைக்குத் தவம் கிடந்தார் உண்டா?

ஒவ்வொரு நாளும் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறோம். “வேண்டாம்” என்று ஆசிரியர் அழைக்க வேண்டும்; “உள்ளேன் ஐயா” என்று அவள் எழ வேண்டும். வேண்டாம் என்றவர்களுக்கு, உள்ளேன் என்று அச்சிறுமி நாள்தோறும் அளிக்கும் விடை அது. அவ்விடையை நாம் காதில் வாங்க வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. பிறப்பைப் பதிந்தபின், பெயரைப் பன்னிரண்டு திங்களுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தாமதக் கட்டணம் செலுத்தினால் 15 ஆண்டு வரையிலும் சேர்க்கலாம். பதிந்துவிட்ட பெயரையும் அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ளலாம். ஊர் செவிலியரும் பள்ளி ஆசிரியரும் பெற்றோரிடம் இதை எடுத்துரைத்தால் பாதி வேலை முடியும்.

இனிப் பெயரை மூன்று கேள்விகளால் அளப்போம். சாதியைச் சுட்டுகிறதா? தாய்மொழியில் ஒலிக்கிறதா? தாங்குவோர் தலை நிமிர்ந்து சொல்லக் கூடியதா? முதல் இரண்டையும் கேட்கக் கற்றுக்கொண்டோம். மூன்றாவதைக் கேட்காத வரையில் நம் பெயர்ச் சீர்திருத்தம் அரைக்கிணறு தாண்டியதே ஆகும்.