அகல் விளக்கும் படச்சொல்லும்

நாவலின் கருப்பொருளை உணர்த்துதற்குப் படச்சொல் என்னும் முறையை ஆசிரியர் சிலர் கையாள்வர். ஒரு சொல்லின் எழுத்துகளையே அதன் பொருள் புலப்படுமாறு மாணவரை வரையச் செய்வது இம்முறை. இதன் பயன் எவ்வளவு, எல்லை எது என்பதை அறிய டாக்டர் மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ நல்லதோர் உரைகல். 1958-இல் வெளிவந்த இந்நாவல் 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றது.

கதை இரு நண்பரைப் பற்றியது. சந்திரன் அழகும் அறிவும் ஒருங்கே வாய்ந்தவன். காண்பவர் அனைவரும் பாராட்ட வளர்பவன். வேலய்யன் நடுத்தரமானவன். முன்னவன் மனத்தை அடக்க இயலாது நெறி தவறி, தொழுநோயுற்று மாள்கிறான். பின்னவன் மெல்ல உயர்ந்து நிலைபெறுகிறான்.

‘விளக்கு’ என்னும் சொல்லை வரையப் புகும் மாணவன், ககர மெய்யின் புள்ளியைச் சுடராக்கலாம். உயிர் ஏறாத மெய்யின் தலையில் சுடர் நிற்பது தமிழெழுத்து தரும் வாய்ப்பு. ‘சந்திரன்’ என்பதைப் பெரிதாகத் தொடங்கி, தேய்பிறைபோல் முடிக்கலாம். ஈப்போவில் வளரும் பிள்ளைக்கு அகல் என்பது கார்த்திகைக்கு ஏற்றும் பொருள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டச் சென்ற பேராக் தோட்டத்துப் பாட்டியோ, சிறு வெளிச்சத்தின் அருமையை நன்கு அறிவாள். பிள்ளை அவளிடம் கேட்டு வந்து வரைவானாயின் சொல் பட்டறிவோடு சேர்கிறது. இது முறையின் பயன்.

ஆயினும், பாடம் படத்தோடு நின்றால் நாவல் சுருங்கிவிடும். தேய்ந்த நிலவு கெட்டவன், எரியும் விளக்கு நல்லவன் என்ற அளவில் கதை முடிந்துபோகும். படம் விட்டுவிட்டது யாது என்று வினவும்போதே திறனாய்வு தொடங்குகிறது. ‘அகல்’ என்பதற்குச் சிறு மண்கலம் என்பதே பொருளா? விரிதல், நீங்குதல் என்னும் பொருள்களும் உண்டே! ஆசிரியர் அவற்றைக் கருதினாரோ இல்லையோ, நண்பன் நண்பனை விட்டு அகலும் கதைக்கு அவை பொருந்துகின்றன. கலத்தை மட்டும் வரைந்த படத்தில் இவ்விரண்டும் இல்லை.

மற்றொன்றும் உண்டு. இக்கதையைச் சொல்பவனே வேலய்யன். சந்திரனின் ஒளியையும் வீழ்ச்சியையும் அவன் சொல்லியே அறிகிறோம். அவன் சொற்களில் வெறுப்பு இல்லை. நட்பும் வருத்தமும் உள்ளன. ஆதலின் நிலவையும் விளக்கையும் எதிரெதிரே வரைவதினும், விளக்கின் ஒளிவட்டத்துக்குள் ‘சந்திரன்’ என்னும் பெயரை எழுதுவதே நூலுக்கு நெருக்கமானது. அவ்வாறு வரைந்த மாணவன் கதைசொல்லியைக் கண்டுகொண்டான் எனலாம்.

இறுதியாக, மதிப்பெண். தமிழாசிரியர்கள் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வண்ணம் மிகுந்த படத்துக்கு முதன்மை அளித்து, கோணல் கோடுகளால் உண்மைப் பொருளைக் காட்டிய படத்தை ஒதுக்கினால், சந்திரனின் அழகில் மயங்கி வேலய்யனைக் காணாதிருந்தோர் செய்த பிழையையே வகுப்பறையும் செய்ததாகும். வரைந்ததற்குக் காரணம் கேட்டு, நாவலிலிருந்து சான்று காட்டச் செய்து, அதன் பின்னரே மதிப்பிடுதல் முறை. அப்பொழுதுதான், வாசிப்பில் பின்தங்கிய மாணவனும் தன் சிறு விளக்கோடு நூலுக்குள் நுழைவான்.