இல்லாத ஏடுகள்: பேய்க்கதைகளின் மந்திர நூல் பற்றி ஒரு குறிப்பு

பேய்க்கதைகளில் வரும் மந்திர நூல்கள் மெய்யாகவே இருந்தனவா என்னும் வினா வாசகரிடையே அடிக்கடி எழுவது. அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராப்ற் (1890–1937) படைத்த ‘நெக்றொனொமிக்கன்’ இங்கு நோக்கத்தக்கது. அந்நூலும் அதனை யாத்தவனாகக் கூறப்படும் அராபியனும் முழுக் கற்பனை. எனினும் 1927இல் லவ்கிராப்ற் அதற்கொரு வரலாறே எழுதி, மொழிபெயர்ப்புகளையும் தடைகளையும் நிரல்படுத்தினார். 1977இல் அப்பெயரிலேயே ஒரு நூல் அச்சாகி விலைக்கு வந்தது! கற்பனை முந்தியது, நூல் பிந்தியது.

எமக்கு இதனினும் அணுக்கமான சான்று ஒன்றுண்டு. 1936இல் வெளியான கதையொன்றில், தாம் புனைந்த நூல்களோடு ‘ட்சியான் நூல்’ என்பதையும் அவர் சேர்த்து வைக்கிறார். இஃது அவர் புனைந்ததன்று. பிளவற்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட ‘இரகசியக் கோட்பாடு’ அந்நூலின் செய்யுட்களுக்கு உரையாக அமைந்தது. மூலம் தொன்மையான ஓலைச்சுவடி என்றார் அவர். ஆய்வாளர் எவரும் அச்சுவடியைக் கண்டிலர். அம்மையார் 1880இல் காலியில் வந்திறங்கியவர். 1882இல் சென்னை அடையாற்றில் தம் சங்கத்துக்கு இடங்கொண்டவர். சுவடிகள் மலிந்த நிலத்தில் வாழ்ந்தவர் தமது நூலுக்கு ஓலை வடிவம் தந்தமை வியப்பன்று என்பது எம் கருத்து.

மலையகத்துக்கு வருவோம். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிற் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. ஆயின் அங்கு அச்சம் நூலிலிருந்து பிறப்பது அரிது. கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொல்வான், ஏடு புரட்டான். தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தில் உறையும் ரோதைமுனிக்கு ஆகமம் ஏதுமில்லை. சுழலும் இயந்திரத்தருகே நின்றவரின் நடுக்கமே அதன் மூலம் எனலாம். ஆதலால், லயத்துக் காம்பராவிலே பழைய ஓலைக்கட்டு ஒன்றைக் கண்டெடுக்கச் செய்யும் கதாசிரியர், தமது மண்ணை விட்டு அடையாற்றிடம் கடன் வாங்குகிறார் என்றே சொல்லவேண்டும்.

இம்மக்களை மெய்யாகக் கட்டிவைத்த எழுத்து வேறு. ‘துண்டு’ என்பது அதன் பெயர். இவ்வளவு கடன் தீர்க்கப்படின் இன்னாரை விடுவிப்போம் எனத் தோட்டம் எழுதிக் கொடுத்த சிறு தாள் அது. அஃதின்றி வேறு தோட்டம் அவரை ஏற்காது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, எழுத்தறியாத் தொழிலாளர் பலரின் போக்குவரவை அவர்கள் படிக்கவியலாத அத்தாளே ஆண்டது. அதனைப் பொருளாகக் கொண்ட பேய்க்கதை ஒன்றை மலையக எழுத்தாளர் எவரேனும் எழுதின், யாம் விரும்பிப் படிப்போம்.