பயங்கரவாதத்தை எண்ணுவதற்கு முன்னால்

பயங்கரவாதம்னா என்னன்னு கேட்டா நாம எல்லாருமே சட்டுனு ஒரு பதில் சொல்லிடுவோம். சமூக அறிவியல் ஆய்வாளர்கள்தான் திணறுவார்கள். அலெக்ஸ் ஷ்மிட் 1984-இல் வெளியிட்ட 'பொலிட்டிகல் டெரரிசம்' என்ற ஆய்வுக் கையேட்டில் 109 வரையறைகளைத் திரட்டி, அவற்றில் வரும் 22 கூறுகளைப் பிரித்துக் காட்டினார். வன்முறை என்ற கூறு 83.5 சதவீத வரையறைகளில் இருந்தது. அரசியல் 65, அச்சம் 51. பாதிக்கப்படுவோர் பொதுமக்கள் என்பது வெறும் 17.5.

பயனுள்ள அட்டவணைதான். ஆனால் அது அளப்பது ஆய்வாளர்களின் ஒத்த கருத்தை, பயங்கரவாதத்தை அல்ல.

சரி, வரையறைச் சண்டை நமக்கெதுக்கு? எண்ணிக்கையே அதிலிருந்துதான் வருது, அதனால.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம் 1970 முதல் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சம்பவங்களைப் பதிந்திருக்கிறது. பிங்கர்ட்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்காகச் சேகரித்த பதிவுகள்தான் அதன் தொடக்கம். இடம் மாற்றும்போது 1993-ஆம் ஆண்டுப் பதிவுகள் தொலைந்துபோயின. அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய விடுபடல் வரையறைக்குள்ளேயே இருக்கிறது: செய்தவர் அரசு சாராதவராக இருக்க வேண்டும்.

1976 செப்டம்பரில் வாஷிங்டனில் கார் குண்டு வெடித்து சிலியின் முன்னாள் அமைச்சர் ஓர்லாண்டோ லெத்தேலியேரும் சக ஊழியர் ரோனி மொஃபிட்டும் இறந்தார்கள். திட்டம் சிலி ரகசிய போலீஸான தீனாவுடையது. உடந்தையாக இருந்தவர்கள் கியூபாவிலிருந்து வெளியேறியவர்கள். திட்டமிட்டவரைப் பார்த்தால் இது கணக்கில் வராது, கூட நின்றவரைப் பார்த்தால் வரும். செத்தவங்களுக்கு இதுல என்ன வித்தியாசம்?

அரசை விலக்குவதற்கு ஒரு நியாயமும் உண்டு. அரச வன்முறையின் அளவு வேறு, அதற்கான ஆதாரங்கள் கிடைக்கும் வழியும் வேறு. ஒரே பட்டியலில் போட்டால் இரண்டுமே குழம்பும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்படி விலக்கிவிட்டு, 'பயங்கரவாதம் அரசுக்கு வெளியே இருப்பவர்களின் ஆயுதம்' என்று அதே தரவைக் காட்டி முடிவுக்கு வரக் கூடாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! இந்தச் சொல்லே 1793-94-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு நடத்திய அடக்குமுறையிலிருந்துதான் பிறந்தது.

பின்னாளில் ஷ்மிட்டே, போர்க்குற்றத்துக்கு இணையாக அமைதிக் காலத்தில் செய்யப்படும் செயல் என்று பயங்கரவாதத்தைப் பார்க்கலாம் என்றார். அதில் எனக்குப் பிடித்தது, கேள்வி 'யார் செய்தார்' என்பதிலிருந்து 'என்ன செய்தார்' என்பதற்கு நகர்கிறது. இனி பயங்கரவாதம் பற்றி ஒரு வரைபடத்தைப் பார்த்தால், கோடு ஏறுதா இறங்குதான்னு பார்க்கும் முன், யாரையெல்லாம் எண்ணாமல் விட்டார்கள் என்று கேளுங்கள்.